ஒரே மணி, மூன்று மூட்டை: குறியீட்டு நெல்லை நாம் விதைக்கலாமா?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்தில் நஞ்சில்லா விவசாயத்துக்கு மாற வேண்டும் என்று வருகிறவர்களில் பலர் கம்பெனி ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டே நிலத்தையும் பார்க்கிறவர்கள். அப்பா விட்டுப்போன ஒன்றோ இரண்டோ ஏக்கர், ஒரு பக்கம் சிப்காட் சுற்றுச்சுவர், இன்னொரு பக்கம் மனைப்பிரிவுக் கல். சம்பாவுக்கு அவர்கள் விதைப்பது பெரும்பாலும் பி.பி.டி. 5204, நம் வழக்கில் ஆந்திரா பொன்னி. காரணம் எளிது. மில்காரர் அதைத்தான் கேட்கிறார். கார்த்திகை மழையில் இலை நுனியிலிருந்து வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டு வரும்போது, "நோய் வராத பி.பி.டி. வந்திருக்காமே, அதை விதைச்சா நம்ம சான்றிதழுக்கு ஒத்துக்குமா, அது ஜி.எம். நெல்லா?" என்று கேட்கிறார்கள்.

இதற்கு நம் ஆட்களிடமிருந்து இரண்டு விதமான பதில் வருகிறது. "லேபில் செஞ்சது எதுவும் நமக்கு வேண்டாம்" என்பது ஒன்று. "பல்கலைக்கழகம் கொடுத்தா சரியாத்தான் இருக்கும், போடுப்பா" என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறிப் பதில்கள் என்பது என் கருத்து. கேட்டவர் ஒரு போகத்தை இழந்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு விவரம் வேண்டும்.

முதலில் நோயைச் சொல்லிவிடுவோம். பாக்டீரியா இலைக்கருகல் பூஞ்சண நோய் அல்ல. சாந்தோமோனாஸ் என்ற நுண்ணுயிர் இலையின் ஓரத்தில் உள்ள நீர்த்துளைகள் வழியாகவோ, காற்றில் இலைகள் உரசிய காயம் வழியாகவோ உள்ளே போய், நீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தில் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கலங்கல் இறங்கினால் இதுதான். இறங்காவிட்டால் சாம்பல் சத்துக் குறைவு போல வேறு காரணத்தைத் தேட வேண்டும். புயல் மழை, தேங்கிய தண்ணீர், அளவு மீறிய தழைச்சத்து, நிழல் இவை நாலும் இதற்குத் தீனி. ஏரிக்கு வரும் கால்வாயும் ஏரியின் கலங்கலிலிருந்து போகும் கால்வாயும் சாலைக்கும் மனைக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும் நம் பகுதியில், மழைத் தண்ணீர் வடிய நாள் பிடிக்கிறது. ஒரு வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும்போது நோயும் கூடவே போகிறது. நீங்கள் யூரியா போடாவிட்டாலும் மேல்மடைக்காரர் போட்டால் அது உங்கள் கதையும்தான்.

இனி அந்த "நோய் வராத பி.பி.டி." என்ன என்று பார்ப்போம். அதன் பெயர் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. ஹைதராபாத்தில் இருக்கும் நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும் (இன்றைய இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம்) சி.சி.எம்.பி. என்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து உருவாக்கி, 2008இல் வெளியிட்டார்கள். இரண்டுமே அரசு நிறுவனங்கள். இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்கள் அதில் உள்ளன: எக்ஸ்.ஏ. 21, எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5. மூன்றையும் வைத்திருந்த வேறொரு நெல்லின் மகரந்தத்தைக் கொண்டு பி.பி.டி.யோடு ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த பிள்ளையை மறுபடி பி.பி.டி.யோடே சேர்த்தார்கள். இப்படி நாலு முறை திருப்பிச் சேர்த்தால், கணக்குப்படி சுமார் 97 சதவீதம் பி.பி.டி. ஆகிவிடும். மணியும் சமையலும் பழையபடி இருக்கும், தாங்கும் சக்தி மட்டும் கூடுதல். இதுவரைக்கும் இது தாத்தா காலத்து ஒட்டுதான். பூவில் கத்தரி வைத்து ஆண் பாகத்தை எடுத்துவிட்டு, பைகட்டி, மகரந்தம் தட்டுவது.

புதியது எது என்றால், ஆயிரம் நாற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்கிப் போடுவது என்று முடிவு செய்யும் விதம். எக்ஸ்.ஏ. 13, எக்ஸ்.ஏ. 5 இரண்டும் ஒடுங்கிய குணங்கள். அப்பா பக்கமும் அம்மா பக்கமும் இருந்து ஒவ்வொன்று வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால், குணம் உள்ளே இருந்தும் செடிக்கு நோய் வரும். நோய் வந்த செடியைப் பிடுங்கினால் நமக்கு வேண்டிய குணத்தையும் சேர்த்துப் பிடுங்கியதாகும். எக்ஸ்.ஏ. 21 ஓங்கிய குணம். அது ஒன்று இருந்தாலே செடி நன்றாக நிற்கும், மற்ற இரண்டும் இருக்கிறதா இல்லையா என்பதை மறைத்துவிடும். கண்ணால் பார்த்துத் தேர்வு செய்கிறவர் இங்கே தோற்றுப்போவார். அதனால் நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி, அந்த மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் அடையாளத் துண்டு, அதாவது மார்க்கர், இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இருந்தால் நாற்று நிற்கும், இல்லாவிட்டால் போகும்.

நம் பகுதியில் இதை விளக்குவது சுலபம். லைனில் வேலை செய்கிற பிள்ளைக்குத் தெரியும், வரும் பாகத்தின் பட்டைக்கோட்டை ஸ்கேன் செய்து எந்த வண்டிக்கு எது என்று பிரிப்பார்கள். ஸ்கேன் செய்ததால் பாகம் மாறிவிடுவதில்லை. ஒரு வித்தியாசம், நெல்லில் அந்தப் பட்டைக்கோட்டை யாரும் ஒட்டவில்லை, அது பிறவியிலேயே உள்ளது. மார்க்கர் எதுவும் விதைக்குள் போடப்படுவதில்லை, அது சோதனைக் குழாயோடு முடிந்தது. அதனால் இது மரபணு மாற்ற நெல் அல்ல. தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் தரக்கட்டுப்பாடு தடை செய்வது மரபணு மாற்ற விதையைத்தான், இப்படிப் பார்த்துப் பொறுக்கிய விதையை அல்ல. "லேபில் செஞ்சது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடும் நம் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இதில் நமக்கு உரிமை உள்ள கதையும் ஒன்று உண்டு. சம்பா மசூரியின் முன்னோர் மூவர்: ஜி.இ.பி. 24, தைவான் குட்டை நெல், மசூரி. ஆந்திராவின் பாபட்லாவில் 1986இல் வெளியானது. அந்த ஜி.இ.பி. 24 வேறு யாரும் இல்லை, நம் விதைத் திருவிழாக்களில் மரபு நெல் வரிசையில் வைத்துக் கும்பிடும் கிச்சிலி சம்பாதான். கோவையில் 1921இல் பொறுக்கி எடுக்கப்பட்டது. அதாவது ஆந்திரா பொன்னி கிச்சிலி சம்பாவின் வாரிசு. ஒன்றை அன்னமென்றும் மற்றதைக் காகமென்றும் பேசுவதற்கு முன்னால் இந்த உறவையும் நினைவில் வைப்பது நல்லது.

இன்னொரு வாரிசு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. திருவள்ளூர் போகும் வழியில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. டி.கே.எம். என்று ஆரம்பிக்கும் ரகங்கள் அங்கே பிறந்தவை, திரூர்க்குப்பத்தின் சுருக்கம். 1952இல் அங்கிருந்து வந்தது டி.கே.எம். 6, கிச்சிலி சம்பாவையும் கோ 18ஐயும் ஒட்டியது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் என்று பெயர் எடுத்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை வாங்கிக்கொண்டுபோய் 1969இல் ஐ.ஆர். 20ஐ வெளியிட்டது. அந்த ஐ.ஆர். 20ஐ விதைக்காத, சோறாகத் தின்னாத வீடு நம் மாவட்டத்தில் இருந்திருக்காது. இலைக்கருகலைத் தாங்கும் எக்ஸ்.ஏ. 4 என்ற மரபணு டி.கே.எம். 6 வழியாகத்தான் உலகத்து நெல்லுக்குள் பரவியது. ஐ.ஆர். 36லும் அதன் ரத்தம் ஓடுகிறது. நம் பகுதியின் ஏரிப் பாசனத்துக்காக உருவான ஒரு நெல், ஆசியா முழுக்க வயலில் நின்றது. நமக்கு அதில் கிடைத்த பெருமைகூட இல்லை, பாடத்தில்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

டி.கே.எம். 6இன் இன்னொரு விசித்திரம்: புகையான் விழுந்தால் அது தாங்காது. ஆனால் அதை ஐ.ஆர். 24 என்ற, அதுவும் புகையானைத் தாங்காத நெல்லோடு ஒட்டியபோது பிறந்த ஐ.ஆர். 26 தாங்கியது. தாங்கும் மரபணு டி.கே.எம். 6க்குள்ளேயே இருந்திருக்கிறது, இன்னொரு மரபணு அதன் வாயைக் கட்டி வைத்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வயலில் பார்த்து "இது தாங்காத ரகம்" என்று எழுதி வைத்த நெல்லுக்குள் தாங்கும் சக்தி ஒளிந்திருந்தது. நம் மரபு நெல் ஒவ்வொன்றிலும் இப்படி என்னென்ன ஒளிந்திருக்கிறதோ, அதை யார் பார்ப்பது?

இப்போது எதிர்ப்பக்கம். ஐ.ஆர். 26 வெளியானது 1973இல். மூன்று நாலு வருடத்துக்குள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அதை உடைக்கும் புகையான் வகை வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே பூட்டைத் தொங்கவிட்டால், சாவி செய்யப் பூச்சிக்கு அவகாசம் அதிகம் தேவையில்லை. எக்ஸ்.ஏ. 4க்கும் பல இடங்களில் அதே கதிதான். மூன்று பூட்டுப் போட்டால் உடைப்பது கடினம் என்பதால்தான் சம்பா மசூரியில் மூன்று. கடினம், ஆனால் முடியாதது அல்ல. அது தாங்குவதும் இலைக்கருகலை மட்டும்தான். குலைநோய்க்கும் இலையுறை கருகலுக்கும் நெற்பழத்துக்கும் புகையானுக்கும் அது பழைய பி.பி.டி.யேதான். விதைக்கடையில் "நோயே வராது" என்று யாராவது சொன்னால், எந்த நோய் என்று கேளுங்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் சங்கடம் ஒன்று உண்டு. பி.பி.டி. தழைச்சத்தைக் கேட்டு வாங்கும் நெல். அந்தத் தழைச்சத்துதான் நோய்க்குத் தீனி. தீனியைப் போட்டுக்கொண்டே பூட்டையும் பூட்டுவது வேதி உர விவசாயத்துக்கு வசதி. நமக்கு அப்படி இல்லை. மாறுகிற மூன்று வருடத்தில், மில்லுக்கு விற்றால்தான் கடன் அடையும் என்கிற நிலையில் இருப்பவர் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை விதைக்கட்டும், அதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் விதைத்துவிட்டு வயலை மறந்தால் அடுத்த நோய் காத்திருக்கிறது. நாற்று நுனியைக் கிள்ளி நடுகிற பழக்கத்தை இலைக்கருகல் வரும் இடத்தில் விட்டுவிட வேண்டும், காயத்தின் வழியே கிருமி ஏறுகிறது. சூடோமோனாஸ் விதை நேர்த்தி, நெருக்கம் குறைந்த நடவு, தண்ணீரை வடித்துக் காயவைப்பது, நோய் தென்பட்ட உடனே 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிப்பது. கடைசியில் சொன்னது நம் பாட்டி வைத்தியம் மட்டுமல்ல, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது.

மரபணு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு எக்ஸ்.ஏ. 21இன் பயணம் ஒரு பாடம். அது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வளரும் காட்டு நெல்லில் இருந்தது. அந்த நெல் இலைக்கருகலைத் தாங்கும் என்பது ஒடிசாவின் கட்டாக்கில், மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் கண்டறியப்பட்டது. பிலிப்பைன்ஸில் குர்தேவ் சிங் குஷ் குழுவினர் அதை வயல் நெல்லுக்கு ஒட்டுச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 1995இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பமேலா ரொனால்ட் குழுவினர் அந்த மரபணுவைத் தனியே பிரித்து எடுத்தார்கள். பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. மாலிக்குப் பங்கு கொடுக்க 1996இல் ஒரு நிதியமும் வைத்தார்கள், நல்ல எண்ணம்தான். உரிமம் கேட்ட கம்பெனிகள் அதைச் சந்தைக்குக் கொண்டுவராமலே விட்டுவிட, ராயல்டி என்று ஒன்றும் வரவில்லை. மாலியின் சதுப்பில் களையாக நின்ற செடி, கட்டாக், மணிலா, கலிஃபோர்னியா, லூதியானா, ஹைதராபாத் என்று சுற்றி நம் வயலுக்கு வந்திருக்கிறது. கொடுத்தவனுக்கு மட்டும் கணக்கில் இடம் இல்லை.

நம் நாட்டில் நிலைமை கொஞ்சம் தேவலை. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு செடிக்கும் விதைக்கும் ரகத்துக்கும் காப்புரிமை தராது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 39ஆம் பிரிவு, பதிவான ரகமாகவே இருந்தாலும் விதையைச் சேர்த்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் நமக்கு உரிமை தருகிறது. கம்பெனி முத்திரை ஒட்டி விற்கத்தான் கூடாது. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி வீரிய ஒட்டு இல்லை, தன் மகரந்தத்தில் விளையும் ரகம். ஒரு தடவை வாங்கினால் அடுத்த வருடம் நம் விதைதான். வாங்கி, கலப்பில்லாமல் எடுத்து, அக்கம்பக்கம் கொடுங்கள்.

இத்தனையும் சொல்வதற்கு இப்போது ஓர் அவசரம் இருக்கிறது. 2025 மே 4ஆம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று பூசா டி.எஸ்.டி. நெல் 1. இன்னொன்று டி.ஆர்.ஆர். தான் 100, கமலா என்று பெயர். கமலா எதிலிருந்து வந்தது தெரியுமா? அதே சம்பா மசூரி. இதில் ஒட்டும் இல்லை, பொறுக்கலும் இல்லை. கிரிஸ்பர் என்ற மூலக்கூறுக் கத்தரியால் நெல்லின் சொந்த மரபணு ஒன்றை வெட்டித் திருத்தி, கதிரில் மணி கூடும்படி செய்திருக்கிறார்கள். வெளி மரபணு இல்லாத இத்தகைய செடிகளுக்கு, 1989ஆம் ஆண்டு விதிகளின் 7 முதல் 11 வரையிலான விதிகள் பொருந்தாது என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச் 30 அன்றே குறிப்பாணை போட்டுவிட்டது. மரபணு மாற்றப் பயிர் ஏற வேண்டிய அனுமதிப் படிகள் இதற்கு வேண்டாம்.

ஆக, நாளைக்கு விதைக்கடையில் மூன்று மூட்டை இருக்கும். பழைய பி.பி.டி. 5204, குறியீடு பார்த்துப் பொறுக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி, கத்தரி வைத்த கமலா. மூன்றிலும் அதே சன்ன மணி. கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. கடைக்காரர் மூன்றையும் "புது பி.பி.டி." என்று சொல்லிக் கொடுத்தால், நஞ்சில்லா விவசாயம் செய்கிறவரின் சான்றிதழும், அவரை நம்பி வாங்கும் சென்னை வாடிக்கையாளரின் நம்பிக்கையும் என்ன ஆகும்? இந்த இடத்தில்தான் "லேப் எல்லாமே ஒன்று" என்ற பேச்சு நமக்கே குழி பறிக்கிறது. இரண்டையும் நாமே ஒன்று என்று சொல்லிவிட்டால், "பார்த்தீங்களா, அவங்களே ஒன்னுன்னு சொல்றாங்க, அதை விதைச்சீங்க, இதையும் விதைங்க" என்பார்கள். பொறுக்குவது வேறு, வெட்டுவது வேறு என்று உரக்கச் சொல்வது நம் வேலை. மூட்டையில் எந்த முறையில் உருவான விதை என்று அச்சிட வேண்டும் என்பது நம் அடுத்த போராட்டமாக இருக்க வேண்டும். அதுவரைக்கும் ரகத்தின் முழுப் பெயரும் சான்று அட்டையும் ரசீதும் இல்லாமல் சம்பா மசூரி என்ற பெயரில் எதையும் வாங்காதீர்கள்.

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். "மரபு நெல்லுக்கு நோயே வராது" என்று மேடையில் சொல்கிறோம். சீரகச் சம்பாவில் குலைநோய் பார்க்காதவர் யார்? பல மரபு ரகங்கள் பல நோய்களைத் தாங்குகின்றன, எல்லாம் எல்லாவற்றையும் அல்ல. புதிதாக வருகிற கம்பெனிப் பிள்ளை நம் பேச்சை நம்பி விதைத்து, கழுத்துக் குலைநோயில் கதிர் ஒடிந்துபோனால், அடுத்த வருடம் நிலத்தை மனைத் தரகரிடம் கொடுத்துவிடுவான். இங்கே ஒரு போகம் போனால் போவது ஒரு போகம் மட்டும் இல்லை.

அதனால்தான் மார்க்கரை நாம் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன். நம் விதைக் காப்பாளர்களிடம் செங்கல்பட்டு சிறுமணி இருக்கிறது, வாடன் சம்பா இருக்கிறது, பூங்கார், குள்ளக்கார், கருங்குறுவை இருக்கின்றன. எதில் எக்ஸ்.ஏ. வரிசையில் எந்த மரபணு இருக்கிறது, எதில் குலைநோயைத் தாங்கும் மரபணு இருக்கிறது என்று இலைத் துணுக்கை வைத்துச் சொல்லிவிடலாம். திரூர் நிலையம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது, அதன் தாய்ப் பல்கலைக்கழகத்திடம் கருவியும் ஆளும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1985இல் உழவர்களும் விஞ்ஞானிகளும் கூடி நடத்திய பிகாஸ் மாநாட்டுக்குப் பிறகு மசிபாக் என்ற கூட்டமைப்பு உருவாகி, உழவர்களே ஒட்டுச் சேர்த்து, தங்கள் வயலிலேயே, வேதி உரமில்லாமல் ரகங்களைப் பொறுக்கி வருகிறார்கள். பன்னாட்டு நிறுவனம் பக்கத்தில் இருந்தும் அவர்கள் அதை நம்பி உட்காரவில்லை. நம்மால் முடியாதா என்ன?

திரூரிடம் நாம் கேட்க வேண்டியவை சில. நாம் கொடுக்கும் விதையைச் சோதித்து முடிவைத் தமிழில் எழுதி நம்மிடமே முதலில் தர வேண்டும். விதை எந்த ஊர் உழவருடையதோ அந்த ஊரின் பெயரும் உழவரின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், மாலிக்கு நடந்தது இங்கே நடக்கக் கூடாது. ஒட்டுச் சேர்ப்பதாக இருந்தால், யூரியா போட்ட பண்ணையில் பொறுக்காமல் நம் வயலில், தொழுவுரத்தில், நம் ஏரித் தண்ணீரில் பொறுக்க வேண்டும். யூரியாவில் நன்றாக நின்ற செடி நம் மண்ணில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கிடைக்கும் விதை யாருடைய தனிச் சொத்தாகவும் ஆகாமல் நம் விதை வங்கிகளுக்கு வர வேண்டும்.

சம்பா நாற்றங்காலுக்கு ஆவணியில் விதை விடுவோம். அதற்குள் ஒவ்வொரு வட்டாரக் குழுவும் தங்களிடம் உள்ள மரபு ரகங்களில் கையளவு விதையும், எந்த வருடம் எந்த நோய் வந்தது, எது தாங்கியது என்ற குறிப்பும் சேர்த்து உறையில் போட்டு வையுங்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மூன்று மாவட்டத்து உறைகளையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு திரூருக்குப் போவோம்.